எல்லாப் பிள்ளையும் ஒரே மலையை வரைந்தால்?

கேள்வி: குடியாத்தம் பக்கத்தில், பீடி சுற்றும் குடும்பங்கள் நிறைந்த ஒரு தெருவில் பிள்ளைகளின் அன்றாட வாழ்க்கை பற்றி மானுடவியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். எட்டு முதல் பதினைந்து வயது வரையுள்ள இருபது பேர் சனிக்கிழமை மாலைகளில் வருகிறார்கள். பேட்டி எடுத்தால் "ஆமா மிஸ்", "இல்ல மிஸ்" என்பதற்கு மேல் வாய் திறப்பதில்லை. அதனால் சார்ட்டும் கிரேயானும் கொடுத்து "உங்க வீட்டை வரைங்க" என்றேன். இரண்டு மலை, நடுவில் சூரியன், குடிசை, தென்னை மரம், ஓடும் ஆறு என்று எல்லாரும் ஒரே படத்தை வரைந்து கொடுத்தார்கள். அந்தத் தெருவில் ஒரு குடிசைகூட இல்லை. "இதில் ஒன்றுமில்லை, போன் கொடுத்துப் போட்டோ எடுக்கச் சொல்லுங்கள்" என்கிறார் கைடு. ஒப்புதல் படிவத்தை நீட்டினால் அம்மாக்கள் "எதுக்கு கையெழுத்து, லோனா?" என்கிறார்கள். பள்ளித் தலைமை ஆசிரியர் இந்தப் படங்களை ஆண்டு விழாவில் கண்காட்சியாக வைக்கலாம் என்கிறார். பதிமூன்று வயதுப் பையன் ஒருவன் வாரம் தவறாமல் வந்து உட்கார்ந்து, எதுவும் வரையாமல் எழுந்து போகிறான். அவனை ஆய்வில் சேர்ப்பதா, விடுவதா? படங்களுக்கு எப்படிப் பொருள் காண்பது?
– ஆய்வு மாணவி, வேலூர்

பதில்:

அன்புள்ள மாணவிக்கு,

அந்தப் படங்களைப் பத்திரமாக எடுத்து வையுங்கள். அவற்றில் ஒன்றுமில்லை என்று நான் நினைக்கவில்லை. குடியாத்தத்தில் நின்று சுற்றிப் பார்த்தால் ஏதாவது ஒரு பக்கம் மலை தெரியும். பாறை பாறையாக, வெயிலில் வெந்துபோன மலை. அதை ஒரு பிள்ளையும் வரையவில்லை. ஊருக்குள் கவுண்டன்ய நதி போகிறது. ஆண்டில் பெரும்பாலான நாட்கள் வறண்டு கிடக்கும் அந்த நதி, 2021 நவம்பரில் வெள்ளமாக வந்து கரையோரத்தைப் பதற வைத்தது. அந்த ஆறும் படத்தில் இல்லை. இருப்பது நீல நிறத்தில் நெளிந்து ஓடுகிற பள்ளிக்கூட ஆறு. "ஒரு மிஸ் சார்ட் கொடுத்தால் என்ன வரைந்து காட்ட வேண்டும்?" என்று நீங்கள் கேட்டதாக எடுத்துக்கொண்டு, அதற்குச் சரியான விடையை இருபது பேரும் கொடுத்திருக்கிறார்கள். அவர்கள் உங்களை எந்த இடத்தில் வைத்திருக்கிறார்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைக்காது. ஆய்வேட்டில் முதல் அத்தியாயத்திலேயே அதை எழுதலாம்.

இதனால்தான் கருவியை மாற்றச் சொல்லும் உங்கள் கைடின் யோசனை எனக்கு ஒப்பவில்லை. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும். உங்களுக்கும் அந்தப் பிள்ளைகளுக்கும் நடுவில் இன்னும் டீச்சர் மேசை ஒன்று கிடக்கிறது. அது இருக்கும்வரை போனைக் கொடுத்தாலும் களிமண்ணைக் கொடுத்தாலும் அதே மலைதான் வரும். போனில் என்றால் பூச்செடியும் சாமி படமும் வரும், அவ்வளவுதான்.

குழந்தைகளின் படங்களைப் பெரிய அளவில் சேகரித்த மானுடவியலாளர்களில் முன்னோடி மார்கரெட் மீட். நியூகினிக்கு வடக்கே உள்ள மானுஸ் தீவில் 1928-29இல் தங்கியிருந்தபோது, அதுவரை பென்சிலே பிடித்திராத பிள்ளைகளிடம் தாளும் பென்சிலும் கொடுத்து ஆயிரக்கணக்கில் படங்கள் சேர்த்தார். உயிரில்லாத பொருளுக்கும் உயிர் இருப்பதாக நினைப்பது சிறு பிள்ளைகளின் இயல்பு என்று அன்றைய உளவியல் சொல்லிக்கொண்டிருந்தது. மானுஸில் அவர் கண்டது நேர்மாறு. ஆவிகளைப் பற்றிப் பேசியவர்கள் பெரியவர்கள். பிள்ளைகளோ, படகு தானாக நகர்ந்து போனால் அதை ஒழுங்காகக் கட்டாதவன் மேல் பழி போட்டார்கள். படங்களை மட்டும் மேசையில் பரப்பி வைத்து அவர் இந்த முடிவுக்கு வரவில்லை. அந்த ஊரிலேயே குடியிருந்தார், அந்த மொழியைக் கற்றார், பிள்ளைகள் விளையாடும்போதும் சண்டை போடும்போதும் பக்கத்தில் இருந்தார். படமும் பேச்சும் நடத்தையும் சேர்ந்துதான் சான்றாயின. அந்த மானுஸ் பிள்ளைகளுக்கும் உங்கள் பிள்ளைகளுக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. அவர்களுக்குப் படம் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று யாரும் சொல்லித் தரவில்லை. உங்கள் பிள்ளைகளுக்கு ஒன்றாம் வகுப்பிலிருந்தே சொல்லித் தந்தாயிற்று.

படங்களுக்கு எப்படிப் பொருள் காண்பது என்று கேட்டீர்கள். கறுப்பு என்றால் சோகம், கை இல்லாத உருவம் என்றால் பயம், சின்னதாக வரைந்தால் தாழ்வு மனப்பான்மை என்று பட்டியல் போடும் புத்தகங்கள் உங்கள் கல்லூரி நூலகத்தில் இருக்கும். தயவுசெய்து அந்தப் பக்கம் போகாதீர்கள். இருபது பேருக்கு இரண்டு கிரேயான் பெட்டி வைத்தால், சிவப்பும் மஞ்சளும் பெரிய பிள்ளைகள் கைக்குப் போய்விடும். சின்னப் பையனுக்கு மிஞ்சுவது கறுப்பு. அவன் மனதில் இருட்டு என்று எழுதிவிட்டு நாம் பட்டம் வாங்கக் கூடாது. படத்துக்குப் பொருள் சொல்லும் உரிமை வரைந்தவருக்கு. வரையும்போது என்ன பேசினார், எதை அழித்தார், பக்கத்தில் இருப்பவர் எட்டிப் பார்த்தபோது கையால் எதை மூடினார், முடித்த பிறகு யாரிடம் முதலில் கொண்டுபோய்க் காட்டினார் என்பதையெல்லாம் குறித்து வையுங்கள். ஒரு படத்துக்கு ஒரு பக்கமாவது களக்குறிப்பு இல்லையென்றால் அந்தப் படத்தை ஆய்வேட்டில் சேர்க்காதீர்கள் என்பேன்.

கேள்வியைச் சுருக்கிப் பாருங்கள். "வீட்டை வரை" என்பது பெரிய கேள்வி. பெரிய கேள்விக்குப் பெரியவர்களே பொதுவான பதில்தான் சொல்வார்கள். "நேத்து ராத்திரி உங்க வீட்ல யார் யார் எங்கெங்க படுத்தீங்க?" என்று கேட்டு, தரையில் சாக்பீஸால் ஒரு கட்டம் போட்டுக் கொடுங்கள். ஒரே அறை உள்ள வீட்டில் பாய் எங்கே, ஃபேன் எந்தப் பக்கம், ஈரத்துணியில் சுற்றிய பீடி இலை எந்த மூலையில், முறம் எங்கே, பாட்டி ஏன் வாசலில் படுக்கிறாள் என்று வந்துகொண்டே இருக்கும். தென்னை மரத்துக்கு அங்கே இடமே இல்லை. அடுத்த வாரம் அதேபோல் தெரு வரைபடம். எந்த நாய்க்குப் பயந்து எந்தச் சந்து வழியை விட்டுச் சுற்றிப் போகிறீர்கள், எந்தக் கடையில் கடன் கொடுப்பார்கள், தண்ணீர் வந்தால் யார் வீட்டுக் குழாயில் முதலில் வரும், இருட்டினபின் பெண்பிள்ளைகள் எதுவரை போகலாம். இதைத் தெருவிலேயே நடந்துகொண்டு போடச் சொல்லுங்கள். மண்டபத்துக்குள் உட்கார்ந்து போட்டால் அது மறுபடி வகுப்பறை ஆகிவிடும். பெண்பிள்ளைகளுக்குக் கோலமாவு கைவந்ததாயிற்றே என்று அதை எல்லாருக்கும் நீட்டிவிட வேண்டாம். அந்தப் பக்கத்துப் பீடித் தெருக்களில் முஸ்லிம் குடும்பங்கள் நிறைய. சாக்பீஸ் எல்லாருக்கும் பொது. இன்னொன்று, அங்கே வீட்டுக்குள் உருது பேசும் பிள்ளைகளும் தெலுங்கு பேசும் பிள்ளைகளும் இருப்பார்கள். உங்களுக்காக அவர்கள் தமிழுக்கு மாறும்போது பேச்சு பாதியாகக் குறைந்துவிடும். தங்களுக்குள் எந்த மொழியிலும் பேசிக்கொள்ளட்டும், பதிவு செய்துகொண்டு பிறகு அவர்களையே கேட்டுப் புரிந்துகொள்ளுங்கள். பெரிய பிள்ளைகளுக்கு அது பெருமையான வேலை.

நேரத்தைப் பற்றி அறியப் புளியங்கொட்டையை மிஞ்சிய கருவியை நான் பார்த்ததில்லை. ஊரக ஆய்வில் பல காலமாகப் புழங்கும் வழிதான். இருபத்துநான்கு கொட்டை, ஒவ்வொன்றும் ஒரு மணி நேரம். தூக்கம், பள்ளிக்கூடம், டியூஷன், விளையாட்டு, போன், வீட்டு வேலை என்று பிள்ளைகளே குவியலுக்குப் பெயர் வைத்துப் பிரிக்க வேண்டும். பேரணாம்பட்டு பக்கம் ஒரு வீட்டு வாசலில் அண்ணனும் தங்கையும் இப்படிப் பிரித்தபோது நான் கூட இருந்தேன். வேலைக்கு ஒரே ஒரு கொட்டை வைத்துவிட்டு "அவ்ளோதான்" என்றான் அண்ணன். தங்கை அவன் தூக்கக் குவியலிலிருந்து இரண்டை எடுத்துத் தன் வேலைக் குவியலில் போட்டு, "நீ தூங்கறப்போ நான் இலை வெட்டல?" என்றாள். உடனே சண்டை. பீடி வேலையில் பிள்ளைகள் பங்கு எவ்வளவு என்று நான் பேட்டி எடுத்திருந்தால் அந்த வீட்டில் "இல்லை" என்ற ஒரு சொல்தான் கிடைத்திருக்கும். ஒரு வேலை யாருக்குக் கண்ணில் படுகிறது, யாருக்குப் படுவதில்லை என்பதை அந்தச் சண்டை சொன்னது. கொட்டைகள் எத்தனை என்ற கணக்கு எனக்கு அவ்வளவு முக்கியமில்லை; எட்டு வயதுக் குழந்தைக்கு மணிக்கணக்கு துல்லியமாகத் தெரியாது. எந்தக் குவியலில் கை தயங்கியது என்பதைப் பார்க்க வேண்டும். ஆண்பிள்ளைகளும் பெண்பிள்ளைகளும் முதலில் தனித்தனியாகச் செய்து, பிறகு அடுத்தவர் குவியலைப் பார்க்கட்டும். அந்த வரிசை மாறினால் பெண்பிள்ளைகள் அண்ணன்மார் போட்ட கணக்கையே போட்டுவிடுவார்கள்.

வட ஆர்க்காட்டில் ஆய்வு செய்பவர் கூத்தை விடலாமா? உங்கள் தெருவுக்குச் சற்றுத் தள்ளி எங்காவது திரௌபதி அம்மன் கோயில் இருக்கும். பாரதத் திருவிழா நடக்கும்போது பகலில் பிரசங்கம், இரவில் கூத்து, கடைசியில் மண்ணால் செய்த துரியோதனனைக் கிடத்தி படுகளம். பிள்ளைகளுக்கு இதில் அதிகம் பிடித்தவன் கட்டியக்காரன். ராஜா வேஷம் வந்து நின்றாலும் பயப்படாமல் கேலி செய்ய அவனுக்கு மட்டும் அனுமதி உண்டு. சபையோரையும் சீண்டுவான், உள்ளூர்க் கதையையும் இழுப்பான். இந்த அனுமதிதான் உங்களுக்கு வேண்டியது. ஒரு பிள்ளையைக் கட்டியக்காரனாக்கி, இன்னொரு பிள்ளையைப் பீடி இலையும் புகையிலைத் தூளும் கொடுத்து பீடியை எண்ணி வாங்குகிற ஏஜென்ட் ஆக்குங்கள். அதற்கு முன்னால் நீங்களே ராஜாவாக உட்கார்ந்து கேலிக்கு ஆளாகுங்கள். "மகாராணி, வாரா வாரம் பேனாவும் நோட்டுமா வந்து இன்னா எழுதறீங்கோ?" என்று ஒரு வாண்டு கேட்டால் அன்றைக்கே டீச்சர் மேசையின் ஒரு கால் உடைந்துவிடும். கூத்து தெரியாத வீட்டுப் பிள்ளைகளும் இருப்பார்கள் என்பதால் இதைக் கட்டாயமாக்க வேண்டாம். பதினான்கு, பதினைந்து வயதுக்காரர்களுக்கு இதெல்லாம் சின்னப் பிள்ளை விளையாட்டு என்று தோன்றும். அவர்கள் ஏற்கெனவே ரீல்ஸ் எடுத்துக்கொண்டிருப்பார்கள், அதன் கதையை அவர்களோடு உட்கார்ந்து யோசியுங்கள். எதுவானாலும் ஒரு கட்டுப்பாடு: எந்தப் பிள்ளையும் தன் வீட்டுக் கதையைத் தானே நடிக்க வேண்டாம். "இந்தத் தெருவுல ஒரு பொண்ணு இருந்தா" என்று தொடங்கட்டும். யாருடைய கதை என்று நீங்கள் கேட்கவே கூடாது.

இப்போது போட்டோவுக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் என்னை உட்கார வைத்த இடம் இதுதான். பிள்ளைகள் கையில் கேமரா கொடுக்கும் வழி நல்ல பரம்பரையிலிருந்து வந்தது. 1990களில் சீனாவின் யுன்னான் மாநிலத்தில் கிராமத்துப் பெண்களிடம் கேமரா கொடுத்து கரோலின் வாங், மேரி ஆன் பர்ரிஸ் என்ற இரு ஆய்வாளர்கள் இதை வடிவமைத்தார்கள். எடுத்த படங்களில் எவை வேண்டும் என்று அந்தப் பெண்களே தேர்ந்தெடுத்து, உட்கார்ந்து பேசி, முடிவெடுக்கும் இடத்தில் இருந்தவர்கள் முன்னால் கொண்டுபோய் வைத்தார்கள். பேசுவதும் தேர்ந்தெடுப்பதும் அங்கே உயிர்நாடி. நம்மூரில் அந்த இரண்டையும் விட்டுவிட்டு கேமராவை மட்டும் இறக்குமதி செய்துகொண்டோம்.

உங்கள் தெருவில் இதைவிடப் பெரிய சிக்கல் இருக்கிறது. குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டம் 1986இல் வந்தபோதே அதன் அட்டவணையில் பீடித் தொழில் தடை செய்யப்பட்டது. 2016 திருத்தத்துக்குப் பிறகு, பள்ளி நேரம் போக வீட்டுத் தொழிலில் பிள்ளை உதவலாம் என்ற விலக்கு உண்டு. ஆபத்தான தொழில்களுக்கு அந்த விலக்கும் கிடையாது. ஒன்பது வயதுப் பெண் பீடி முனையை மடித்துக் கொடுக்கிறாள். பக்கத்தில் அவள் அம்மா முறத்தை மடியில் வைத்துச் சுற்றுகிறாள். அவளுடைய தம்பி இதைப் படம் எடுக்கிறான். உங்களுக்கு அது பிள்ளையின் பார்வையில் அன்றாட வாழ்க்கை. வேறொருவர் கையில் அது அந்தத் தாய்க்கு எதிரான சாட்சியம். அவளிடம் நீங்கள் இதைச் சொல்லாமல் கையெழுத்து வாங்கியிருந்தால் அந்தக் கையெழுத்துக்கு மதிப்பில்லை. பிள்ளைகளுக்கு இது உங்களைவிட நன்றாகத் தெரியும். அதிகாரி யாராவது வந்தால் முறத்தை எங்கே தள்ள வேண்டும் என்று அவர்களுக்குப் பழக்கியிருப்பார்கள். "உங்க வீட்டை வரைங்க" என்றதும் எல்லாரும் குடிசை வரைந்ததற்குப் பள்ளிக்கூடம் ஒரு காரணம் என்றேன். இது இன்னொரு காரணமாக இருக்கலாம். யாரும் வசிக்காத வீட்டை வரைந்தால் யாருக்கும் ஆபத்தில்லை.

போட்டோவே வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். எடுப்பதானால் முகம் வேண்டாம், அம்மாவின் கை வேண்டாம், முறம் வேண்டாம். செருப்பு, கதவு, தண்ணீர்க் குடம், தூங்கும் ஆடு, பிடித்த மூலை என்று பொருளும் இடமும் போதும். போன் உங்களுடையதாக இருக்கட்டும். படத்தோடு இடத்தையும் சேர்த்துப் பதியும் வசதியை அதில் முதலிலேயே அணைத்துவிடுங்கள். வீட்டுப் போனில் எடுக்கச் சொன்னால் அது அண்ணன் கைக்கும் வாட்ஸ்அப்புக்கும் போய்விடும். பெண்பிள்ளை கையில் போன் இருந்ததே சில வீடுகளில் சண்டைக்குக் காரணமாகும். எடுத்த படங்களை அன்றே அவர்களோடு உட்கார்ந்து பாருங்கள். வேண்டாம் என்று அவர்கள் சொல்வதை அவர்கள் கண்முன்னால் அழியுங்கள். எத்தனை அழித்தோம், ஏன் என்று சொன்னார்கள் என்பது உங்கள் நோட்டில் இருக்கட்டும். அது போதும், படம் வேண்டியதில்லை.

அம்மாக்கள் "லோனா?" என்று கேட்டது நியாயமான கேள்வி. அந்தத் தெருவில் வெளியாள் கையெழுத்துக் கேட்டால் அது மகளிர் குழுக் கடனாக இருக்கும், அல்லது பீடித் தொழிலாளர் பிள்ளைகளுக்கு வருகிற கல்வி உதவித்தொகையாக இருக்கும். நீங்கள் மறுத்தாலும், உங்களைப் பகைத்துக்கொண்டால் உதவித்தொகை நின்றுவிடுமோ என்ற எண்ணம் உள்ளே இருக்கும். ஆகவே படிவத்தை எடுக்கும் முன், எதுவும் எழுதாமல், வாசலில் உட்கார்ந்து வாயால் சொல்லுங்கள்: இதனால் பணம் வராது, உதவித்தொகை வராது, நிற்கவும் நிற்காது, நான் அரசாங்கத்து ஆளில்லை, படித்துப் பட்டம் வாங்குவதற்காக வருகிறேன். கடைசி வரியைச் சொல்ல நம்மில் பலர் கூச்சப்படுவோம். அதைச் சொன்ன பிறகுதான் அம்மாக்கள் சிரிப்பார்கள், நம்பத் தொடங்குவார்கள்.

பெற்றோர் ஒப்புக்கொண்டால் பிள்ளை ஒப்புக்கொண்டதாக ஆகிவிடாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டு நெறிகள் மருத்துவ ஆய்வுக்காக எழுதப்பட்டவை என்றாலும், ஆய்வுக்கு அனுமதி தரும் நம் நெறிமுறைக் குழுக்கள் பலவும் அவற்றைத்தான் கையில் வைத்திருக்கின்றன. பெற்றோர் சம்மதத்தோடு, ஏழு முதல் பன்னிரண்டு வயது வரை பிள்ளையின் வாய்மொழி இசைவும், அதற்கு மேல் பதினெட்டு வரை எழுத்தில் இசைவும் வேண்டும் என்கின்றன அவை. குழுவுக்கு அது போதும். உங்களுக்குப் போதாது. "வரைய வேணாம்னா வேணாம்னு சொல்லு" என்று நீங்கள் சொன்னாலும், பெரியவர் முகத்துக்கு நேரே வேண்டாம் என்று சொல்லி நம் பிள்ளைகளுக்குப் பழக்கமில்லை. பழக்க வேண்டும். முதல் பத்து நிமிடம் ஒரு விளையாட்டு வையுங்கள்: நீங்கள் எதைக் கேட்டாலும் அவர்கள் "முடியாது" என்றே சொல்ல வேண்டும், விதவிதமாக. "தண்ணி கொண்டா" என்றால் "முடியாது". "பாட்டு பாடு" என்றால் "போ மிஸ், முடியாது". சிரித்துச் சிரித்து ஓய்வார்கள். அதற்குப் பிறகு ஒருவன் உண்மையாகவே முடியாது என்றால், நீங்கள் அதை எப்படி எடுத்துக்கொள்கிறீர்கள் என்று இருபது பேரும் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

அந்தப் பதிமூன்று வயதுப் பையன் இந்த விளையாட்டை நீங்கள் சொல்லித் தருவதற்கு முன்பே ஆடிக்கொண்டிருக்கிறான். அவனைச் சேர்ப்பதா விடுவதா என்று நீங்கள் முடிவு செய்ய வேண்டாம். வருகிறான், உட்காருகிறான், வரைய மறுக்கிறான் என்று களக்குறிப்பில் எழுதுங்கள். அதை எழுதுகிறீர்கள் என்று அவனிடமும் சொல்லுங்கள். ஏன் வரையவில்லை என்று கேட்காதீர்கள். தங்கையைக் கூட்டிப்போக வந்திருக்கலாம், பிஸ்கட்டுக்காக வந்திருக்கலாம், வீட்டில் இருந்தால் வேலை வைப்பார்கள் என்று வந்திருக்கலாம். ஊக்கப்படுத்துகிறேன் என்று கையில் கிரேயானைத் திணித்தால் அடுத்த சனிக்கிழமை வரமாட்டான்.

கண்காட்சி பற்றி. தலைமை ஆசிரியர் நல்லெண்ணத்தோடுதான் கேட்கிறார். ஆனாலும் நாசூக்காக மறுத்துவிடுங்கள். பிள்ளைகளின் பங்கேற்பை எட்டுப் படிகளாகப் பிரித்து 1992இல் யுனிசெஃபுக்காக ஆய்வாளர் ரோஜர் ஹார்ட் எழுதினார். அடியில் உள்ள மூன்று படிகளைப் பங்கேற்பாகவே அவர் கணக்கில் எடுக்கவில்லை. அவற்றில் ஒன்று அலங்காரம். சிறப்பு விருந்தினர் வந்து நிற்கும்போது பின்னால் தொங்குகிற இருபது மலைகள் அந்தப் படியில் சேரும். தங்களைப் பாதிக்கும் விஷயங்களில் கருத்துச் சொல்லும் உரிமை பிள்ளைகளுக்கு உண்டு என்று 1989ஆம் ஆண்டின் குழந்தை உரிமை உடன்படிக்கை தன் 12ஆம் பிரிவில் சொல்கிறது. 1992இல் இந்தியாவும் அதில் சேர்ந்தது. கருத்தைச் சொல்வதா, யாரிடம் சொல்வது என்பதும் அந்த உரிமைக்குள் அடக்கம்தானே. மூலப்படம் பிள்ளைக்கே சொந்தம். நீங்கள் ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள், அதற்கும் கேட்டுவிட்டு. இருட்டான சந்துகளைக் காட்டுகிற தெரு வரைபடத்தை வார்டு கவுன்சிலரிடம் கொண்டுபோக வேண்டும் என்று பிள்ளைகளே கிளம்பினால் கூடப் போங்கள். ஊராட்சிப் பகுதியாக இருந்தால் கிராம சபை இருக்கிறது. விளக்கு போடுவார்கள் என்று மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். இப்படிப்பட்ட கூடுகைகளில் ஒரு நாள் ஏதாவது ஒரு பிள்ளை, உங்களை நம்பி, வெளியில் சொல்லக் கூடாது என்று கேட்டுக்கொண்டு ஒன்றைச் சொல்லும். "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று அப்போது சொல்லிவிடக் கூடாது. பாலியல் வன்முறை பற்றித் தெரியவந்தால், யாராக இருந்தாலும் காவல்துறைக்குத் தெரிவித்தாக வேண்டும் என்கிறது 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவு. ஆய்வாளருக்கு விலக்கில்லை. ஆகவே முதல் நாளே எல்லாருக்கும் புரிகிற பேச்சில் சொல்லிவிடுங்கள்: "நீங்க சொல்றதை யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். ஆனா யாராவது உங்களுக்குக் கெடுதல் பண்றாங்கன்னு தெரிஞ்சா மட்டும், உங்ககிட்ட சொல்லிட்டு, உதவி பண்றவங்ககிட்ட சொல்லுவேன்." 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை இருபது பேருக்கும் மனப்பாடம் ஆக்குங்கள். மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவையும் குழந்தைகள் பாதுகாப்பு அலகையும் நேரில் போய் முன்கூட்டியே அறிமுகம் செய்துகொள்ளுங்கள். அவசரத்தில் தேடக் கூடாது. குழந்தைத் திருமணப் பேச்சு காதில் விழுந்தால் என்ன செய்வது, பீடி வேலையைக் கண்டால் எந்த அளவுக்குப் போவது என்பதையும் கைடோடும் குழுவோடும் உட்கார்ந்து இப்போதே எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளை அழுதுகொண்டு எதிரில் நிற்கும்போது யோசிக்கிற விஷயமில்லை இது.

ஆய்வேட்டில் ஊர்ப்பெயர் வேண்டாம். "வட ஆர்க்காட்டுப் பகுதியில் ஒரு தெரு" என்றால் போதும். 2019இல் வேலூர் மாவட்டத்தை மூன்றாகப் பிரித்த பிறகு அந்தப் பழைய பெயர் இன்னும் விரிவாகிவிட்டது, நமக்கு நல்லதுதான். மாற்றுப் பெயர்களைப் பிள்ளைகளே வைத்துக்கொள்ளட்டும். ஆய்வேடு முழுக்க சினிமா நடிகர்களாக வருவார்கள். வைவாவில் தேர்வாளர் சிரித்தால் சிரிக்கட்டும்.

கோடை விடுமுறை வருவதற்குள் கூடும் நேரத்தை மாற்றிவிடுங்கள். வேலூர் மே மாதத்தில் மாலை ஐந்து மணிக்கும் தரை சுடும், சாக்பீஸோடு யாரும் உட்கார மாட்டார்கள். காலை ஏழு மணி சரியாக இருக்கும். ஆனால் அந்த நேரத்தில் பெண்பிள்ளைகளுக்குத் தண்ணீர் வேலை இருக்கிறதா என்று முதலில் அவர்களையே கேளுங்கள். நெறிமுறைக் குழுவுக்குத் திருத்திய விண்ணப்பம் எழுதும்போது, போட்டோ பற்றிய பகுதியை மட்டும் எனக்கு முன்னால் அனுப்புங்கள், பார்த்துத் தருகிறேன்.